பதினைந்து இலக்கத்துக்கு அப்பால்: விரிதாளில் நீண்ட எண்கள், நம் அனுபவங்கள்

பணம் செலுத்தும் மென்பொருளைச் சோதிப்பவர்:

ஒரு பட்டியலில் இருக்கும் 16 இலக்க எண்கள் எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தால், அது வழியில் எங்கோ எக்செலுக்குள் போய் வந்திருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன்.

சோதனைக்கான அட்டை எண்கள் எங்களுக்கு வேறொரு குழுவிலிருந்து வரும். ஒருமுறை வந்த கோப்பில் பெரும்பாலான எண்களை எங்கள் நிரல் செல்லாது என்று தள்ளிவிட்டது. நிரலில்தான் கோளாறு என்று எல்லோரும் அதையே குடைந்துகொண்டிருந்தார்கள். எண்களை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. எல்லா எண்களின் கடைசி இலக்கமும் 0. கோப்பை அனுப்பியவர் எதையும் அழிக்கவில்லை, திருத்தவுமில்லை. சிஎஸ்வி கோப்பை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் வெறும் எழுத்துக் கோப்பு) எக்செலில் திறந்தார், எண்கள் ஈ+15 (பத்தின் 15-ஆம் அடுக்கு என்ற சுருக்கம்) என்று தெரிந்ததால் 'நம்பர்' வடிவம் கொடுத்தார், சேமித்தார். அவ்வளவுதான்.

எக்செல் ஒரு எண்ணில் முதல் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். 1234567890123452 என்று தட்டினால் 1234567890123450 ஆகிவிடும். பதினாறாவது இலக்கம் வெறுமனே மறைந்திருக்கவில்லை, போயே போய்விட்டது. வடிவத்தை மாற்றினாலும், நெடுவரிசையை அகலமாக்கினாலும் திரும்பி வராது. இதற்கு அடியில் இருப்பது 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலை. எக்செல் எடுத்துக்கொண்ட அதன் வடிவத்தில் ஒவ்வொரு எண்ணும் 64 பிட்டுகளில் (0 அல்லது 1 நிற்கும் இடங்களில்) அடங்க வேண்டும், அதில் இலக்கங்களுக்குக் கிடைப்பது 53 பிட். இடைவெளி இல்லாமல் எல்லா முழு எண்களையும் அது 9007199254740992 வரைக்கும்தான் தாங்கும். அது 16 இலக்க எண், ஆனால் 16 இலக்க எண்கள் எல்லாமே அதற்குள் அடங்காது. 15 இலக்கம் என்றால் எதுவானாலும் அடங்கும். எக்செல் அங்கேயே கோடு போட்டுக்கொண்டது.

அட்டை எண்ணைப் பொறுத்தவரை ஒரு வழி இருந்தது. 16 இலக்க அட்டை எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. முதல் 15 இலக்கங்கள் ஒழுங்காக இருந்தால் பதினாறாவதைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். மேலே சொன்ன எண்ணிலேயே பாருங்கள்: இடமிருந்து 1, 3, 5 என்று ஒற்றைப்படை இடத்தில் உள்ள இலக்கங்களை இரட்டிப்பாக்க வேண்டும், இரட்டிப்பு 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழிக்க வேண்டும், மற்ற இலக்கங்களை அப்படியே கூட்ட வேண்டும். மொத்தம் 58 வரும். அடுத்த பத்தின் மடங்கு 60. ஆக, தொலைந்த இலக்கம் 2. எங்கள் பட்டியல் முழுவதையும் அப்படித்தான் மீட்டோம். சில எண்களை நிரல் முதலிலேயே ஏற்றுக்கொண்டதற்கும் இதுதான் காரணம்: அவற்றின் உண்மையான சரிபார்ப்பு இலக்கமே 0.

19 இலக்க எண்ணாக இருந்திருந்தால் நான்கு இலக்கம் போயிருக்கும். அப்போது எந்தச் சூத்திரமும் கைகொடுக்காது.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள். முக்கியமாக, எந்த இடத்தில் கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

—

கிடங்குச் சரக்குக் கணக்கு பார்ப்பவர்:

உங்களுக்காவது ஒரு இலக்கம்தான் போயிற்று. 15 இலக்கத்துக்குள் இருக்கும் எண்களும் பறிபோகும் என்பதை நான் சொல்ல வேண்டும். பலர் "என் எண் 13 இலக்கம்தானே, பயமில்லை" என்று இருந்துவிடுகிறார்கள்.

பொருள்களின் பார்கோடு எண் 13 இலக்கம். எக்செலின் 'ஜெனரல்' வடிவம் 11 இலக்கம் வரை அப்படியே காட்டும், 12 ஆனதும் சுருக்கிவிடும். 1234567890128 என்ற எண் 1.23457ஈ+12 என்று தெரியும். அந்த நேரத்தில் உள்ளே எண் முழுசாகத்தான் இருக்கிறது, ஒன்றும் கெடவில்லை. ஆனால் அந்தக் கோலத்திலேயே சிஎஸ்வியாகச் சேமித்தால், எக்செல் திரையில் தெரிவதைத்தான் கோப்பில் எழுதும். மறுபடி திறந்தால் 1234570000000. ஏழு இலக்கம் காலி. சேமிக்கும் முன் வடிவத்தைப் பூஜ்ய தசம இடங்களோடு 'நம்பர்' என்று மாற்றியிருந்தாலே தப்பித்திருக்கும்.

இதைவிட எங்களை அதிகம் அலைக்கழித்தது சரக்குத் தட்டுகளின் மேல் ஒட்டும் 18 இலக்க எண். அதில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு, அதற்கு முன்னால் இருப்பது வரிசை எண். எக்செல் கடைசி மூன்று இலக்கங்களைப் பூஜ்யமாக்கியதும் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் சேர்ந்து போய்விட்டன. விளைவு என்ன தெரியுமா? அடுத்தடுத்த நூறு தட்டுகளுக்கு ஒரே எண். வெளியிலிருந்து வந்த பட்டியலில் ஒரே தட்டு நூறு தடவை அனுப்பப்பட்டதாக இருந்தது. "நகல் வரிகளை நீக்கிவிடலாமா?" என்று ஒருவர் கேட்டார். நல்லவேளை, யாரும் அந்தப் பொத்தானைத் தொடுவதற்குள் ஒருவர் கிடங்குக்குப் போய்த் தட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு வந்தார்.

முன்னால் பூஜ்யம் வரும் எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் பார்த்ததுதான். 00412 வந்தால் 412 ஆகிவிடும்.

—

உறுப்பினர் பதிவேடு பராமரிப்பவர்:

நான் சொல்லப்போவது எண்களை டெக்ஸ்ட்டாகவே வைத்திருப்பவர்களுக்கு. ஏனென்றால் "டெக்ஸ்ட்டாக மாற்றிவிட்டேன், இனிக் கவலையில்லை" என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள்.

எங்கள் பதிவேட்டில் அடையாள எண் 20 இலக்கம். ஆரம்பத்திலிருந்தே டெக்ஸ்ட் வடிவம்தான், ஒரு இலக்கம்கூட மாறியதில்லை. இரட்டைப் பதிவு இருக்கிறதா என்று பார்க்க கவுண்ட்இஃப் (ஒரு மதிப்பு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணும் ஃபங்ஷன்) போட்டபோது, வரிசையாக 'நகல், நகல்' என்று வந்தது. எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் 15 இலக்கம் ஒன்று, கடைசி ஐந்து வேறு. கவுண்ட்இஃப் என்ன செய்கிறது என்றால், எண்ணைப் போலத் தெரியும் டெக்ஸ்ட்டைக் கண்டால் அதை எண்ணாக மாற்றி ஒப்பிடுகிறது. மாற்றினால் பதினைந்துக்கு மேல் பார்க்காது. நிபந்தனையோடு கூட்டும் சம்இஃப்பும் இதே குணம்தான். நகல்களுக்கு நிறம் அடித்துக்காட்டும் வசதியையும் இந்த விஷயத்தில் நம்பாதீர்கள்.

இதற்கு இரண்டு வழி உண்டு. தேடும் மதிப்போடு ஒரு நட்சத்திரக் குறியை ஒட்டிக் கொடுத்தால் கவுண்ட்இஃப் அதை டெக்ஸ்ட்டாகவே எடுத்துக்கொள்ளும். எல்லா எண்களும் ஒரே நீளம் என்றால் இது போதும். நீளம் வேறுபட்டால், ஒரு எண் இன்னொரு எண்ணின் தொடக்கமாக இருக்கிற இடத்தில் தவறாக எண்ணிவிடும். அப்போது சம்ப்ராடக்ட் ஃபங்ஷனுக்குள் சமக்குறி வைத்து நேராக ஒப்பிடுங்கள். சமக்குறி டெக்ஸ்ட்டை டெக்ஸ்ட்டாகவே பார்க்கும். பெரிய பட்டியலில் கொஞ்சம் மெதுவாக ஓடும், பரவாயில்லை.

இன்னொன்று. டெக்ஸ்ட்டாக இருக்கும் எண்ணின் செல் மூலையில் சின்னதாக ஒரு பச்சை முக்கோணம் வரும். அதைச் சொடுக்கினால் "எண்ணாக மாற்று" என்று ஒரு யோசனை வரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பிழைச் செய்தி என்று நினைத்து, திருத்துவதாக எண்ணிச் சொடுக்கிவிடுகிறார்கள். எங்கள் பிரிவில் புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த முக்கோணத்தைத்தான்.

—

நிரலாளர்:

விரிதாளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த 53 பிட் எல்லை நிறைய இடங்களில் உட்கார்ந்திருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்டில் எண் என்றால், மேலே சொன்ன ஐஇஇஇ 754-இன் அதே 64 பிட் வடிவம்தான், அதை மிதவைப்புள்ளி என்பார்கள். 9007199254740993 என்று கொடுத்தால் 9007199254740992 என்று எடுத்துக்கொள்ளும். ட்விட்டர் 2010-இல் தன் பதிவு எண்களை 64 பிட்டுக்கு மாற்றியபோது இந்தச் சிக்கல் வெளியே வந்தது. அதனால்தான் அவர்களுடைய ஏபிஐ (மற்ற நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் வழி) ஒரே அடையாளத்தை எண்ணாக ஒருமுறை, எழுத்துச் சரமாக ஒருமுறை என்று இரண்டு விதமாகக் கொடுக்கத் தொடங்கியது.

நான் நேரில் பார்த்தது, பைத்தானில் அட்டவணைகளைக் கையாள உதவும் பாண்டாஸ் தொகுப்பில். 18 இலக்க வாடிக்கையாளர் எண்கள் இருந்த சிஎஸ்வி கோப்பை ஒரு குழு பல மாதங்களாக வாசித்துக்கொண்டிருந்தது. பாண்டாஸ் அதை 64 பிட் முழு எண்ணாக எடுத்துக்கொண்டதால் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஒரு நாள் வந்த கோப்பில் எங்கோ ஒரு செல் மட்டும் காலி. காலி செல்லை முழு எண் வகையில் வைக்க முடியாததால் பாண்டாஸ் நெடுவரிசை முழுவதையும் மிதவைப்புள்ளியாக மாற்றிவிட்டது. அன்றிலிருந்து வாடிக்கையாளர் எண்கள் எதோடும் பொருந்தவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எக்செல் கெடுத்தால் கடைசியில் பூஜ்யங்கள் வரிசையாக நிற்கும், பார்த்ததுமே சந்தேகம் வரும். இங்கே அப்படி இல்லை. 18 இலக்க அளவில் மிதவைப்புள்ளியால் குறிக்க முடிந்த அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே 16 முதல் 128 வரை இடைவெளி இருக்கும். நம் எண் பக்கத்தில் இருக்கும் ஒன்றுக்கு நகர்ந்துவிடும். கடைசி இரண்டு மூன்று இலக்கங்கள் மாறியிருக்கும், ஆனால் எண் முழுக்க இயல்பாகத் தெரியும். சில சமயம் அது வேறொருவருடைய உண்மையான எண்ணாகவே ஆகிவிடும். எனக்குப் பூஜ்யத்தைவிட இதுதான் பயம்.

வாசிக்கும்போதே அந்த நெடுவரிசையின் வகையை எழுத்துச் சரம் என்று குறிப்பிட்டுவிட்டால் தீர்ந்தது. வெளித் தரவை உள்ளே கொண்டுவரும் எக்செலின் பவர் குவெரியிலும் அப்படியே: கோப்பை இணைத்ததும் 'சேஞ்ச்டு டைப்' என்று ஒரு படியை அதுவே சேர்த்துவிடும். நீங்கள் வகையை டெக்ஸ்ட் என்று மாற்றும்போது, இருக்கும் படியை மாற்றவா, புதிய படி சேர்க்கவா என்று கேட்கும். இருப்பதை மாற்று என்று சொல்லுங்கள். புதிய படி சேர்த்தால், முதலில் எண்ணாகி எல்லாவற்றையும் இழந்தபின் டெக்ஸ்ட்டாகும்.

—

கணித ஆசிரியர்:

மேலே வந்தவை எல்லாம் அடையாள எண்கள். நான் கணக்கே போடும் எண்களைப் பற்றிச் சொல்கிறேன். மாணவர்களுக்கு இந்த எல்லையைக் காட்ட விரிதாளைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்ததைப் பெறும் பிபனாச்சி வரிசையை ஒரு நெடுவரிசையில் இழுத்துவிடச் சொல்வேன். 73-ஆவது உறுப்பு 806515533049393, சரியாக 15 இலக்கம். 74-ஆவது உண்மையில் 1304969544928657. திரையில் 1304969544928660 என்று வரும். கவனியுங்கள், கையால் தட்டும்போது எக்செல் வெட்டுகிறது, கணக்குப் போட்டு வந்த விடையைக் காட்டும்போது பக்கத்து எண்ணுக்கு முழுமையாக்குகிறது. இரண்டும் ஒன்றல்ல.

அப்புறம் ஒரு மாணவியைக் கூப்பிட்டு, அந்த 74-ஆவது செல்லிலிருந்து 1304969544928000-ஐக் கழிக்கச் சொல்வேன். விடை 657! திரையில் 660 என்று தெரிந்தாலும் உள்ளே 657 இருந்திருக்கிறது. வகுப்பே அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரும். கணக்கில் வந்த விடை 53 பிட்டுக்குள் இருக்கும் வரை உள்ளே சரியாகத்தான் இருக்கும். 78-ஆவது உறுப்பு 8944394323791464, இன்னும் எல்லைக்குள் இருக்கிறது. 79-ஆவது 14472334024676221. அது எல்லையைத் தாண்டிய ஒற்றைப்படை எண், இனி உள்ளேயே பிழை.

தொடர் பெருக்கத்தில் இன்னொரு விந்தை உண்டு. 20!, அதாவது 1 முதல் 20 வரை எல்லாவற்றையும் பெருக்கினால், 2432902008176640000, 19 இலக்கம். எக்செல் அதைச் சரியாகவே காட்டும்! கடைசி நான்கும் பூஜ்யம் என்பதால் முதல் 15 இலக்கத்திலேயே எல்லாம் அடங்கிவிட்டது. 21!-க்கு 51090942171709400000 என்று காட்டும், உண்மை 51090942171709440000. இதைப் பார்த்த பிள்ளைகள் "அப்போ 19 இலக்கம் வரை நம்பலாமா சார்?" என்று கேட்பார்கள். நம்பக் கூடாது. எண்ணின் நீளம் முக்கியமில்லை, அதில் எத்தனை இலக்கம் பொருள் உள்ளது என்பதுதான் முக்கியம். இதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் பதியாது, இந்த இரண்டு செல்லையும் பார்த்தால் பதிந்துவிடும்.

—

உயிரியல் ஆய்வகத்தில் இருப்பவர்:

எங்கள் துறையில் இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால், மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. செப்ட்1, மார்ச்1 என்ற குறியீடுகளை விரிதாள் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. 2020-இல் வந்த மரபணுப் பெயரிடல் நெறிமுறைகளில் அவை செப்டின்1, மார்ச்எஃப்1 என்று ஆனதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

தேதி பற்றி எல்லோருக்கும் தெரியும். நீண்ட எண்ணாக மாறும் கதை அவ்வளவாகத் தெரியாது. 2310009ஈ13 போன்ற மாதிரி அடையாளங்கள் உண்டு, நடுவில் இருப்பது ஆங்கில எழுத்து ஈ. விரிதாள் அதைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு 2.31ஈ+19 என்று ஆக்கிவிடும். திரும்ப மூல அடையாளத்தைப் பெற வழியே இல்லை. இதை எச்சரித்து 2004-லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. இருந்தும் இன்றுவரை மற்றவர்கள் அனுப்பும் கூடுதல் தரவுக் கோப்புகளில் இதைப் பார்க்கிறேன். ஆயிரக்கணக்கான வரிகளில் நான்கைந்து மட்டும் கெட்டிருக்கும், அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. நான் எந்தக் கோப்பைப் பெற்றாலும் அடையாள நெடுவரிசையை வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். எண்ணாகிப்போனவை எல்லாம் டெக்ஸ்ட்டிலிருந்து பிரிந்து மேலே வந்து நிற்கும்.

—

புதிதாகச் சேர்ந்தவர்:

எல்லாவற்றையும் படித்தேன். சிஎஸ்வியில் அந்த எண்களை மேற்கோள் குறிக்குள் போட்டால் போதாதா? இன்னொரு கேள்வி: 30 இலக்க எண்களைக் கூட்டவும் பெருக்கவும் வேண்டியிருக்கிறது, விரிதாளிலேயே முடியுமா?

—

பணம் செலுத்தும் மென்பொருளைச் சோதிப்பவர்:

மேற்கோள் குறி உதவாது. சிஎஸ்வியை இருமுறை சொடுக்கித் திறந்தால், குறிக்குள் இருந்தாலும் எக்செல் எண்ணாக்கிவிடும். திறக்காமல், 'டேட்டா' பகுதியிலிருந்து கோப்பை உள்ளே கொண்டுவந்து, அங்கே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று சொல்லுங்கள். லிப்ரே ஆஃபீஸ் திறக்கும்போதே ஒரு உரையாடல் பெட்டியைக் காட்டும், நெடுவரிசையின் வகையை அங்கேயே தேர்ந்தெடுக்கலாம், மேற்கோளுக்குள் இருப்பதை டெக்ஸ்ட்டாக வைக்கும் விருப்பமும் அதில் இருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் இறக்குமதி செய்யும்போது, டெக்ஸ்ட்டை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றும் பெட்டியில் இருக்கும் குறியை எடுத்துவிடுங்கள். கையால் தட்டுவதாக இருந்தால், தட்டும் முன்பே செல்லை டெக்ஸ்ட் ஆக்க வேண்டும், அல்லது எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் போட வேண்டும். தட்டிய பிறகு மாற்றினால் போனது போனதுதான்.

எக்செலில் 2023-இல் ஒரு நல்ல மாற்றம் வந்தது. 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'டேட்டா' பக்கத்தில் தானியங்கி மாற்றங்களை நிறுத்தும் பெட்டிகள் இருக்கின்றன: முன் பூஜ்யம், 15-க்கு மேல் நீளும் எண், நடுவில் ஈ வரும் அடையாளம், மூன்றுக்கும் தனித்தனியாக. என் கணினியில் மூன்றையும் நிறுத்திவிட்டேன். ஆனால் அந்த அமைப்பு உங்கள் கணினியோடு நின்றுவிடும், கோப்போடு பயணிக்காது. அடுத்தவர் தன் கணினியில் அதே சிஎஸ்வியைத் திறந்தால் பழைய கதைதான்.

—

கணித ஆசிரியர்:

30 இலக்கக் கணக்குக்கு நான் பதில் சொல்கிறேன். பைத்தான் தெரிந்தால் அதிலேயே போடுங்கள், அதன் முழு எண்களுக்கு நீள எல்லை கிடையாது. விரிதாளிலேயே வேண்டும் என்றால் எண்ணை டெக்ஸ்ட்டாக வைத்து, வலப்பக்கத்திலிருந்து துண்டு துண்டாக வெட்டி, தனித்தனிச் செல்லில் போட வேண்டும். கூட்டல் மட்டும் என்றால் 14 இலக்கத் துண்டுகள் போதும், மீதியை இடப்பக்கத் துண்டுக்குக் கொண்டுபோகலாம். பெருக்கல் என்றால் 7 இலக்கத்துக்கு மேல் வேண்டாம். ஏழும் ஏழும் பெருக்கினால் 14 இலக்கம் வரும், அப்படிப் பத்துப் பெருக்குத்தொகை வரை கூட்டினாலும் 15-க்குள் நிற்கும். கையால் பெருக்கும் அதே முறைதான், ஒரு இலக்கத்துக்குப் பதில் ஏழு இலக்கம்.

கடைசியில் துண்டுகளை ஒட்டும்போது கவனம். முதல் துண்டைத் தவிர மற்றவற்றை 'டெக்ஸ்ட்' ஃபங்ஷனில் ஏழு பூஜ்யம் கொடுத்து நிரப்பிய பிறகே ஒட்டுங்கள். இல்லாவிட்டால் 0000042 என்ற துண்டு 42 என்று ஒட்டி, விடையில் ஐந்து இலக்கம் காணாமல் போகும். முறை சரியாக அமைந்ததா என்று தெரிய 20!-ஐ 21-ஆல் பெருக்கிப் பாருங்கள். 51090942171709440000 வர வேண்டும்.